திருட்டுத் தளங்களை முடக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்?

சிங்கப்பூரில் இணையப் பாதுகாப்பு ஆணையம் ஒன்றை அமைப்பதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் 2025 நவம்பர் 5ஆம் தேதி நிறைவேற்றியது. 2026 முதல் பாதியில் ஆணையம் செயல்படத் தொடங்கும் என்று அப்போது அறிவித்தார்கள். சட்டம் 13 வகைத் தீங்குகளைச் சொல்கிறது. முதல் கட்டத்தில் வருபவை ஐந்து: இணையத்தில் தொல்லை கொடுப்பது, ஒருவருடைய சொந்த விவரங்களை அம்பலப்படுத்துவது, விடாமல் பின்தொடர்வது, அந்தரங்கப் படங்களைப் பரப்புவது, சிறார்களின் படங்களைக் கொண்டு அவர்களைச் சீரழிப்பது. பதிப்புரிமை மீறல் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

இல்லாதது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் அது அப்படியே நீடிக்கும் என்று சும்மா இருந்துவிட முடியாது. விரைந்து ஆணையிடும் அதிகாரம் ஓர் அமைப்புக்கு வந்துவிட்டால், எங்கள் படத்தைத் திருடுபவனையும் எங்கள் பந்தயத்தைத் திருடுபவனையும் அதே வேகத்தில் முடக்குங்கள் என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். கேட்பவர்களின் பக்கம் நியாயமும் இருக்கும். புதுப்படம் திரைக்கு வந்த அன்றைக்கே டெலிகிராமில் சுற்றத் தொடங்குவதை நாம் எல்லாரும் அறிவோம். முந்நூறு பிரதி அச்சிட்டுக் கையைக் கடித்துக்கொண்ட தமிழ் எழுத்தாளரின் புத்தகம் பிடிஎஃப் கோப்பாக வாட்ஸ்அப் குழுக்களில் "பயனுள்ள நூல், பகிருங்கள்" என்ற குறிப்போடு வலம் வருவதையும் அறிவோம்.

ஆகவே கோரிக்கை வருவதற்கு முன்பே யோசித்து வைப்பது நல்லது. நம் முன் உள்ள வழிகள் மூன்று. புதிய ஆணையத்திடமோ வேறோர் அரசு அமைப்பிடமோ, நீதிமன்றம் போகாமலே தளங்களை முடக்கும் அதிகாரத்தைக் கொடுக்கலாம். இப்போதுபோல உயர் நீதிமன்றத்திடமே விட்டுவிடலாம். அல்லது, திருட்டுச் சரக்கு மக்களிடம் வந்துசேரும் இடைவழிகள்மீது, அதாவது செயலிக் கடைகள், மின்வணிகத் தளங்கள், சமூக ஊடகங்கள்மீது, கட்டாயக் கடமை சுமத்தலாம்.

நான்காவதாக, பார்ப்பவர்களையும் பதிவிறக்குபவர்களையும் துரத்தும் வழியும் உண்டு. அதை இங்கே ஏற்கெனவே முயன்று பார்த்தாகிவிட்டது. 2007இல் ஓடெக்ஸ் என்ற நிறுவனம், ஜப்பானிய அனிமே படங்களைப் பதிவிறக்கியதாகச் சொல்லிப் பலருக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி கேட்டுக் கடிதம் அனுப்பியது. வாடிக்கையாளர் விவரங்களைக் கேட்டு, இணையச் சேவை நிறுவனமான பசிபிக் இன்டர்நெட்டுக்கு எதிராக அது போட்ட மனுவை மாவட்ட நீதிமன்றம் அந்த ஆண்டு ஏற்கவில்லை. அந்தப் படங்களின் ரசிகர்களே நிறுவனத்தை வெறுத்ததும் பெற்றோர் பலர் பீதியடைந்ததும்தான் மிச்சம். இந்த வழியைப் பற்றி இதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

மற்ற மூன்றையும் எடைபோட இரண்டு கேள்விகள் போதும். பாதிக்கப்பட்டவர் எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும்? முடிவு தவறாகப் போனால் யார் தலையில் விடியும்?

ஓர் இளம்பெண்ணின் அந்தரங்கப் படம் வெளியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிராங்கூன் சாலையில் அவள் அப்பா கடை வைத்திருக்கிறார், தங்கை பள்ளியில் படிக்கிறாள். அந்தப் படம் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு புதிய கைப்பேசிக்குப் போகிறது. பிறகு எந்த நீதிமன்றம் எவ்வளவு இழப்பீடு கொடுத்தாலும் அது எல்லாக் கைப்பேசியிலிருந்தும் திரும்பி வராது. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட மதிப்பீட்டில், தீங்கான பதிவுகளைப் பற்றிப் பயனர்கள் புகார் செய்தால் பெரும்பாலான சமூக ஊடகங்கள் சராசரியாக ஐந்து நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டது தெரியவந்தது. ஐந்து நாளில் ஒரு குடும்பம் ஊரைக் காலி செய்துவிடும். இங்கே ஆணையம் வேகமாக ஆணையிடத்தான் வேண்டும். அந்த ஆணை தவறாகவே போனாலும், ஒரு பதிவு கொஞ்ச காலம் மறைந்திருக்கும். பிறகு மேல்முறையீட்டில் திரும்பி வரும். தாங்கக்கூடிய நட்டம்.

திருட்டுப் படம் வேறு மாதிரி. அங்கே நேர்வது பண இழப்பு. அதை அற்பமென்று சொல்ல மாட்டேன், சிறிய தயாரிப்பாளரை ஒரே படத்தில் ஒழித்துக்கட்டும் இழப்பு அது. ஆனாலும் கணக்கிடலாம், வழக்காடலாம், ஈடுகட்டலாம். முடிவு தவறினால் வரும் விளைவோ பெரிது. தளத்தை முடக்குவது என்றால் இணையச் சேவை நிறுவனங்கள் ஒரு முகவரியையே நாடு முழுதும் அடைப்பது. ஒரே முகவரியின்கீழ் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும் காலம் இது.

இத்தாலிக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே 2024 பிப்ரவரியில் 'பைரசி ஷீல்டு' என்ற ஏற்பாடு நடப்புக்கு வந்தது. காற்பந்து ஒளிபரப்பு உரிமை வைத்திருப்பவர்கள் திருட்டு ஒளிபரப்பின் முகவரியை அதில் பதிவு செய்தால், இணைய நிறுவனங்கள் 30 நிமிடத்துக்குள் அதை அடைத்துவிட வேண்டும். ஒவ்வொரு முகவரியையும் நீதிபதி பார்ப்பதில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஒரு சனிக்கிழமை இரவு கூகல் டிரைவின் முகவரி ஒன்று அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. இத்தாலியில் பல மணி நேரம் பலரால் தங்கள் கோப்புகளைத் திறக்க முடியவில்லை. மறுநாள் ஒப்படைக்க வேண்டிய பாடத்தை அதில் வைத்திருந்த மாணவருக்கும், அலுவலகக் கணக்கை வைத்திருந்த கணக்கருக்கும் காற்பந்தோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்த முகவரியை ஒரு நீதிபதி ஒரு நிமிடம் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய குளறுபடி அது. பள்ளி, வங்கி, மருந்தகம் எல்லாம் இணையத்தின்மேல் நிற்கும் சிங்கப்பூரில் இப்படி ஓர் இரவு நேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

முதல் வழிக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு. அது நேரலை விளையாட்டு. காற்பந்து ஆட்டம் 90 நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த வாரம் வரும் நீதிமன்ற ஆணையால் யாருக்கும் பயனில்லை. கிரிக்கெட்டும் அப்படித்தான். இந்த வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இதற்கும் நீதிமன்ற வழியிலேயே தீர்வு இருக்கிறது. இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் 2017 மார்ச்சில் பிரிமியர் லீக்கிற்கு அப்படியோர் ஆணையைக் கொடுத்தது. எந்த வகைச் சர்வர்களை, எந்த நிபந்தனையில், ஆட்டம் நடக்கும் எந்த நேரத்தில் மட்டும் அடைக்கலாம் என்பதை நீதிபதி முன்கூட்டியே ஆராய்ந்து வரையறுத்துவிட்டார். அதற்கு உட்பட்டு அடைப்பு உடனுக்குடன் நடக்கிறது. வேகம் கிடைத்தது, நீதிபதியின் கண்ணும் விலகவில்லை.

சிங்கப்பூர் நீதிமன்றமும் இதில் பின்தங்கியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அப்பட்டமாகத் திருட்டையே தொழிலாகக் கொண்ட தளங்களை அடைக்கும்படி உயர் நீதிமன்றம் இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட முடிகிறது. 2018இல் ஒரே விண்ணப்பத்தில் 53 தளங்களை அடைக்கச் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, மைரிபப்ளிக், வியூகுவெஸ்ட் ஆகியவற்றுக்கு உத்தரவு போனது. தமிழர்களுக்கு நன்றாகப் பழக்கமான தந்திரம் ஒன்று உண்டு: தமிழ்ராக்கர்ஸ் என்ற திருட்டுப் படத் தளம் ஒரு பெயரில் அடைபட்டால் மறுநாள் வேறு பின்னொட்டோடு முளைத்துவந்தது. அதற்கும் அதே ஆண்டு உயர் நீதிமன்றம் மருந்து கண்டது. அடைபட்ட தளம் புதிய முகவரியில் வந்தால், ஒவ்வொரு முறையும் புது வழக்குப் போடாமல், பிரமாணப் பத்திரம் ஒன்றைக் கொடுத்து அந்த முகவரியையும் பட்டியலில் சேர்க்க வழி செய்தது. இணைய நிறுவனத்துக்குச் சந்தேகம் இருந்தால் அது அடைக்க மறுக்கலாம். அப்போது விவகாரம் நீதிபதியிடம் திரும்பும். இந்த ஏற்பாட்டின் அழகே அந்த மறுக்கும் உரிமைதான் என்பேன்.

இரண்டாம் வழியின் பலவீனங்களையும் மறைக்கக் கூடாது. விபிஎன் போட்டுக்கொண்டு சுற்றிப் போகத் தெரிந்தவரை எந்த அடைப்பும் நிறுத்தாது. முதல் வழியிலும் இதே ஓட்டை உண்டு, ஆகவே இதை வைத்து இரண்டுக்கும் இடையே முடிவெடுக்க முடியாது. உண்மையான குறை, செலவு. உயர் நீதிமன்றம் போனவர்கள் யார் என்று பாருங்கள்: ஹாலிவுட் ஸ்டூடியோக்கள், பிரிமியர் லீக், பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள். 2022 முதல் அறிவுசார் சொத்து வழக்குகளுக்கு 500,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைகளை எளிய நடைமுறையில் விசாரிக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. நல்ல முன்னேற்றம். ஆனால் சிறுகதைத் தொகுப்பு ஒன்றின் பிடிஎஃப் சுற்றுவதைத் தடுக்க, அந்தத் தொகுப்பு வாழ்நாளில் ஈட்டப்போவதைவிடப் பன்மடங்கு தொகையை வழக்கறிஞருக்குக் கொடுக்க யார் முன்வருவார்? உள்ளூர்க் குறும்பட இயக்குநருக்கும், இங்கே சொந்தப் பாட்டைப் பதிவு செய்து வெளியிடும் இளையருக்கும் இதே நிலைதான். நீதிமன்றம் அவர்களுக்குத் திறந்திருக்கிறது, ஆனால் எட்டாத உயரத்தில்.

அந்தக் காரணத்தால்தான் மூன்றாம் வழி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

திருட்டும் பயனர் பாதுகாப்பும் ஒன்றையொன்று தொடும் இடம் பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் வரவேற்பறையில் இருக்கிறது. எல்லாத் தமிழ்ச் சேனலும் வரும், மாதக் கட்டணம் கிடையாது என்று சொல்லி விற்கும், தொலைக்காட்சியோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு பெட்டியைச் சொல்கிறேன். 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 21 முதல் இந்த வியாபாரத்தை நேரடியாகக் குறிவைக்கிறது: திருட்டு ஒளிபரப்புக்கென்று பெட்டி விற்பவருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2022 அக்டோபரில் காவல்துறை, மின்னணுப் பொருள் விற்கும் சிம் லிம் ஸ்குவேர் கடைகளிலும் வேறு இடங்களிலும் சோதனை நடத்தி 17 பேரைக் கைது செய்தது, 2,500க்கு மேற்பட்ட பெட்டிகளைப் பறிமுதல் செய்தது.

கடைகளில் கெடுபிடி வந்தால் விற்பனை இணையத்துக்குப் போகும். அங்கே வாங்குகிறவருக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில், 'பேட்பாக்ஸ் 2.0' என்ற தீய மென்பொருள் மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகளில் வாங்கும்போதே ஏற்றப்பட்டு வருவதாக எச்சரித்தது. அந்தப் பெட்டி வீட்டு வைஃபையைக் குற்றவாளிகள் தங்கள் போக்குவரத்துக்குப் பயன்படுத்தும் பின்வாசலாக மாற்றிவிடுகிறது. படம் பார்ப்பதற்கென்று முன்பின் தெரியாத செயலியைக் கைப்பேசியில் நேரடியாக நிறுவுகிறவர்களும் ஏறக்குறைய இதே ஆபத்தில்தான் இருக்கிறார்கள். செயலிக் கடைக்கு வெளியிலிருந்து நிறுவிய தீய செயலிகளால் 2023இல் மட்டும் இங்கே 1,899 மோசடிச் சம்பவங்கள் நடந்தன. போன பணம் 34.1 மில்லியன் வெள்ளி. அவை எல்லாம் படம் பார்க்கப் போய் வந்த வினை இல்லை, பலவிதமான தூண்டில்கள் இருந்தன. ஆனால் "இந்தச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் இலவசம்" என்பது நம் மக்களிடம் எளிதாக எடுபடும் தூண்டில். 2024 பிப்ரவரியில் இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து கூகல், ஆபத்தான அனுமதிகளைக் கேட்கும் அத்தகைய செயலிகளை நிறுவும்போதே தடுக்கும் சோதனை முயற்சியைச் சிங்கப்பூரில்தான் முதலில் தொடங்கியது. இடைவழியில் நிற்பவர் நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

சட்டத்திலும் முன்னுதாரணங்கள் உண்டு. 2023 ஜூலை முதல் ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், எக்ஸ், யூடியூப், ஹார்டுவேர்ஸோன் ஆகிய ஆறு தளங்களும் இணையப் பாதுகாப்பு நடைமுறை விதிகளுக்கு உட்பட்டவை. 2025 மார்ச் 31 முதல் ஆப்பிள், கூகல், ஹுவாவே, மைக்ரோசாஃப்ட், சாம்சுங் ஆகியவற்றின் செயலிக் கடைகளுக்கும் தனி விதிகள் வந்துவிட்டன. விதிகளை மீறினால் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம். 2025 செப்டம்பரில், அரசாங்க அதிகாரிகளைப் போல நடிக்கும் மோசடிகளை ஃபேஸ்புக்கில் கட்டுப்படுத்தும்படி இணையக் குற்றத் தீங்குச் சட்டத்தின்கீழ் காவல்துறை அதன் உரிமையாளரான மெட்டாவுக்கு உத்தரவிட்டது. ஒரு தனிப் பதிவை நீக்கச் சொல்வது வேறு, உன் வீட்டை ஒழுங்குபடுத்து என்று சொல்வது வேறு. பின்னதுதான் இடைத்தளங்களைத் திருத்தும்.

ஆகவே மின்வணிகத் தளங்களிடமும் செயலிக் கடைகளிடமும் நடைமுறை விதிகள் மூலம் கேட்க வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. பெட்டி விற்பவர் யார் என்பதைச் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். மீண்டும் மீண்டும் பிடிபடுகிறவர் வேறு பெயரில் கடை போட விடக்கூடாது. எழுத்தாளரோ சிறு கலைஞரோ தகுந்த ஆதாரத்தோடு அறிவிப்புக் கொடுத்தால், வழக்கறிஞர் இல்லாமலே குறித்த நாளுக்குள் பதில் கிடைக்க வேண்டும். எத்தனை அறிவிப்பு வந்தது, எத்தனை நாளில் முடித்தார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பிடிஎஃப் பகிரும் பெரிய டெலிகிராம் சேனல்களுக்கு எதிராக நம் பதிப்பாளர்களுக்கு இதைவிட உதவக்கூடிய ஏற்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இந்த வழியிலும் ஆபத்து உண்டு, அது என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. அபராதத்துக்குப் பயந்த நிறுவனம் தயக்கமே இல்லாமல் நீக்கும், இயந்திரத்தை வைத்து நீக்கும். தியாகராஜர் 1847இல் மறைந்தவர். அவருடைய கிருதிகளுக்கு இன்று யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. ஆனாலும் ஒரு சிறுமி அரங்கேற்றத்தில் பாடிய கிருதியை, யாரோ ஒருவருடைய இசைத்தட்டோடு ஒத்துப்போகிறது என்று இயந்திரம் தடுத்துவிடலாம். தமிழாசிரியர் பாடத்துக்காக எடுத்துக்காட்டிய அரை நிமிடக் காட்சியும், விமர்சகர் மேற்கோள் காட்டிய பக்கமும் அப்படியே போய்விடலாம். நியாயமான பயன்பாட்டுக்கு நம் சட்டம் இடம் கொடுக்கிறது. இயந்திரத்துக்கு அது தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 பதிப்புரிமை நெறிமுறையில் தளங்கள்மீது கடுமையான கடமையைச் சுமத்தியபோது, மேற்கோளையும் விமர்சனத்தையும் கேலியையும் தடுக்கக் கூடாது என்று சேர்த்தே எழுதியது. நாமும் எழுத வேண்டும். நீக்கப்பட்டவர் மறுப்புத் தெரிவித்தால் மனிதர் ஒருவர் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், பொய் அறிவிப்புக் கொடுப்பவருக்குத் தண்டனை இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத விதிகளுக்கு என் ஆதரவு கிடையாது.

அபராதத் தொகை பற்றியும் ஒரு வார்த்தை. பத்து லட்சம் வெள்ளி உள்ளூர் நிறுவனத்துக்குப் பேரிடி. உலக நிறுவனத்துக்கு ஒரு மாதக் காப்பிச் செலவு. ஐரோப்பாவின் மின்னிலக்கச் சேவைச் சட்டம் உலகளாவிய வருவாயில் 6 விழுக்காடு வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சிங்கப்பூர் சிறிய சந்தை, அந்த அளவு போனால் நிறுவனங்கள் வெளியேறிவிடும் என்பார்கள். இவ்வளவு வருமானமுள்ள வாடிக்கையாளர்களை விட்டு அவை போகும் என்று நான் நம்பவில்லை.

என் தேர்வு இதுதான்: ஆணையம் மனிதர்களுக்கு நேரும் தீங்கோடு நிற்கட்டும். நாடு முழுதும் ஒரு தளத்தை அடைக்கும் முடிவு உயர் நீதிமன்றத்திடமே இருக்கட்டும், நேரலைக்கு இங்கிலாந்துபோல முன்கூட்டிய ஆணை வரட்டும். பெட்டி, செயலி, பிடிஎஃப் ஆகியவற்றுக்கு இடைத்தளங்கள் பொறுப்பேற்கட்டும்.

உரிமையாளர்களிடம் கேட்க ஒன்று மிச்சமிருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் பேசுபவர் என்றால் நான்கு அறை வீட்டில் அகன்ற தொலைக்காட்சி வைத்திருப்பவர் மட்டும் இல்லை. தங்கும் விடுதியில் இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு, மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிட்டு, கைப்பேசித் திரையில் படம் பார்க்கும் ஊழியரும்தான். அவர் ஊரில் பார்த்துக்கொண்டிருந்த தொடர், இங்கே வந்ததும் "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று சொல்லி நின்றுவிடுகிறது. காசு கொடுக்கத் தயாராக இருந்தாலும் கொடுக்க வழியில்லாதபோது டெலிகிராம் சேனல்தான் கைக்கு எட்டுகிறது. தளத்தை அடைக்க விண்ணப்பிக்கும் ஒவ்வோர் உரிமையாளரும், தன் படைப்பைச் சிங்கப்பூரில் முறையாக எங்கே, என்ன விலைக்குப் பார்க்கலாம் என்பதை அந்த விண்ணப்பத்திலேயே எழுதித்தர வேண்டும் என்று விதியில் சேர்க்கலாம். அந்த இடத்தைக் காலியாக விட்டு வரும் விண்ணப்பத்துக்கு நீதிபதி அவசரம் காட்ட வேண்டியதில்லை.